துரைசாணி கவுனில் ஒட்டாத சாயம்

நானா,

இன்று காலையில் என் மகளைக் கண்டபடி ஏசிவிட்டேன். ஏன் என்று உங்களுக்குத்தான் விளங்கும். தீபாவளிக்குப் புதுப் பாவாடை, நல்ல கத்தரிப்பூ நிறம். ஓரத்தில் மஞ்சள் தடவி அவள் அம்மா உடுத்திவிட்டிருந்தாள். தூறலில் நனைந்துகொண்டே கார் கொட்டகைக்கு ஓடி வந்தவள், பின் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். நனைந்த புதுத்துணியின் கஞ்சி வாசனை என் மூக்கில் ஏறியதுதான் தாமதம். "எறங்கு! எறங்குடி கீழ!" என்று கத்தினேன். பிள்ளை அழுதுகொண்டே போய்விட்டது. இப்போது துரை வைத்திருப்பது வேறு கார், மெத்தையும் கறுப்புத் தோல். கறுப்பில் என்ன கறை தெரியப்போகிறது? அது என் மூளைக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவன் நான். இந்தக் கடுதாசியை நீங்கள் பார்த்தால், "தம்பி, இத நீங்க எழுதினீங்களா, நண்டு எழுதிச்சா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானா நானா என்று அண்ணனாகக் கூப்பிட்டுக்கொண்டே நான் உங்களைக் கேலி செய்ததற்கு அது ஈடாகாது. உங்கள் தொந்தி துணிக்கடை வாசலுக்கு வந்து, நீங்கள் வருவதற்கு இரண்டு நிமிடம் பிடிக்கும் என்று கண்டித் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தவன் அல்லவா நான்.

என் பெண்சாதியின் அந்தத் தீபாவளிச் சிவப்புச் சீலையை உங்கள் கடையில்தான் எடுத்தோம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் நான் டிரைவர் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். கூலி லயத்து ஒற்றை அறையில் எட்டுப் பேரோடு நெருக்கிப் படுத்துக் கிடந்தவனுக்குக் கார் கொட்டகைப் பக்கத்தில் தனி அறை கிடைத்திருந்தது. என் பெண்சாதிக்கும் ஏழு மாதம். இந்தப் பிள்ளைதான் வயிற்றில். நீங்கள் சீலையை மடித்துக் கொடுக்கும்போது அவளிடம் சொன்னீர்கள்.

"தங்கச்சி, ஒருக்கா உப்புத் தண்ணில ஊறப் போட்டு அலசிட்டு உடுத்துங்க. இந்தச் சேப்பு கொஞ்சம் துடியான சாயம், எறங்கும்."

அவள் நன்றாகத் தலையை ஆட்டினாள். தெருவில் இறங்கியதும் என்னிடம், "தீபாவளிக் கோடியப் போயி யாராச்சும் நனைச்சிக் கட்டுவாங்களா? முஸ்லிம் நானாவுக்கு நம்ம வழக்கம் என்னா தெரியும்?" என்றாள். நானும் சிரித்தேன். எங்கள் ஆட்களுக்குத் தீபாவளித் துணி தண்ணீர் படாமல் மஞ்சளோடு உடம்பில் ஏற வேண்டும்.

அந்த வருடம் தீபாவளி வெள்ளிக்கிழமை வந்தது. துரையும் துரைசாணியும் கொழும்பிலிருந்து நாலு மணி ரயிலில் வருவதாக இருந்தது. நான் கண்டி ஸ்டேஷனில் காரோடு நிற்க வேண்டும். எப்படியும் கார் டவுனுக்குப் போகிறது, கோயிலுக்கு அவளையும் கூட்டிப் போகலாம் என்று பதினொரு மணிக்கே புறப்பட்டேன். அவள் முன்னால் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். பூசை முடிந்து வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து ஓடி வந்தவளுக்கு நான் பின் கதவைத் திறந்து, குனிந்து சலாம் போட்டேன்.

"எங்க போகணும் துரைசாணி?"

"கொளத்த ஒரு சுத்து சுத்திப் போ, டிரைவர்!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை. குளத்தைச் சுற்றினேன். அத்தோடு போயிருக்கலாம். "நானாகிட்ட சீலையக் காட்டிட்டுப் போவோம்" என்று அவள் சொல்ல, உங்கள் கடை வாசலில் நிறுத்தினேன். அவள் இறங்கினாள். பால் ஏடு நிறத் தோல் மெத்தையில், அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், ஒரு முறத்தளவு சிவப்பு.

கடை பூட்டியிருந்தது. நீங்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமல்லவா? கிரீஸ் துடைக்கிற துணியில் பெட்ரோலை ஊற்றி, பாத்திரம் விளக்குகிற மாதிரி தேய் தேய் என்று தேய்த்தேன். தோலின் பளபளப்பு போனது. முறம் பாயானது. அவள் கடை வாசலில் நின்று, "வேல போயிருமாங்க? நம்ம ரூம்பு போயிருமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.  முன்பிருந்த டிரைவரைக் கதவில் ஒரு கீறலுக்காக அன்றைக்கே பெட்டியோடு இறக்கிவிட்ட துரை அவர்.

நீங்கள் பள்ளிவாசலிலிருந்து இடுப்பில் வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாகக் குடை பிடித்து நிதானமாக வந்தீர்கள். நான் ஓடி வந்து பிடித்துக்கொண்டேன்.

"நானா, உங்க சாயம் என்னக் கொன்னுருச்சி!"

எட்டிப் பார்த்தீர்கள். அவள் சீலையைப் பார்த்தீர்கள். "அலசச் சென்னேனே தங்கச்சி" என்று ஒரே ஒரு முறை சொன்னீர்கள். அதற்குப் பிறகு சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டவில்லை. என்னைப் பார்த்துத்தான் கோபம் வந்தது.

"யாரு பெட்ரோல் போடச் சென்ன? மேல ஈந்த சாயத்த உள்ளுக்கு அனுப்பி வெச்சிட்டீங்களே! தேய்க்கப்படாது தம்பி, ஒத்தணும்."

கடையைத் திறந்து, விற்கிற வெள்ளைத் துணிக் கட்டிலிருந்து ஒரு பெரிய துண்டைக் கிழித்தீர்கள். கூரை ஒழுகி மூட்டைக்கு மூட்டை சாயம் ஏறினால் எப்படி எடுப்பது என்று உங்களுக்குப் பழக்கம். சவர்க்காரத்தைப் பச்சைத் தண்ணீரில் அடித்து, தண்ணீரை விட்டுவிட்டு நுரையை மட்டும் அள்ளினீர்கள். முதலில் மெத்தைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் வைத்துப் பார்த்தீர்கள். பிறகு கறையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நுரையை வைத்து, எண்ணிப் பத்து வரை பொறுத்து, காய்ந்த துணியால் அமுக்கி எடுத்தீர்கள். ஒவ்வொரு முறையும் துணியின் புது இடம். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் சுடுதண்ணீர் வாங்கி வரவா என்று நான் கேட்டதற்கு, "வாங்கி வந்து ஒங்கட தலையில ஊத்துங்க" என்றீர்கள். சூடு பட்டால் சாயம் தோலிலேயே குடியிருந்துவிடுமாம்.

இரண்டரை மணிக்குச் சிவப்பு வெளுத்து ரோஜா நிறமானது. நான் மூச்சு விட்டேன். "போதும் நானா, இது மேல கம்பளிய விரிச்சிர்றேன்" என்றேன். நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள்.

"துரைசாணி என்ன நெறம் உடுத்துவா?"

"வெள்ளதான். எப்பவும் வெள்ள."

"மழைல நனஞ்சி வந்து கம்பளியத் தள்ளிட்டு ஏறினா? சீட்டுல கறை ஈந்தா ஏச்சு. கவுன்ல ஒட்டினா?"

கம்பளியை மடித்து முன் சீட்டில் போட்டேன். 

அப்போது நீங்கள் செய்ததை இன்று வரை நான் யாருக்கும் சொல்லிச் சிரித்ததில்லை. பைப்பைத் திறந்து, ஜும்ஆவுக்கு உடுத்திய வெள்ளைச் சாரத்தின் பின்பக்கத்தை நனைத்துக்கொண்டு, காருக்குள் ஏறிக் கறைமேல் பொத்தென்று உட்கார்ந்தீர்கள். கண்ணை மூடி ஏதோ ஓதினீர்கள். இறங்கி, நடுத்தெருவில் எனக்கு முதுகைக் காட்டி நின்றீர்கள்.

"பாருங்க தம்பி. சாயம் வந்தீக்கா?"

"நானா, ஒங்களுக்குப் பின்னால சூரியன் உதிக்குது."

அவ்வளவு பயத்திலும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் சிரிக்கவில்லை. சாரத்தைச் சுழற்றி வெள்ளைப் பக்கத்தைப் பின்னால் கொண்டுவந்துவிட்டு, மறுபடி நுரை அடித்தீர்கள். மூன்று மணிக்கு இரண்டாவது முறை உட்கார்ந்து எழுந்தீர்கள். இளஞ்சிவப்பு, ஆனால் இருந்தது. மறுபடி சுழற்றினீர்கள். கடைக்குத் துணி எடுக்க வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றேகாலுக்கு மூன்றாவது முறை. நான் குனிந்து, மூக்கு முட்டப் பார்த்தேன். வெள்ளை. "வெள்ளதான் நானா! வெள்ளதான்!" என்று தெருவில் கத்தினேன். தோலுக்கு எண்ணெய் பூசலாமா என்று கேட்டேன். "அதுவும் ஒட்டும். பேசாம ஓடுங்க" என்று துணியால் விசிறி உலர்த்திவிட்டீர்கள். அவளை உங்கள் வீட்டில் சாப்பிட இருத்திக்கொண்டீர்கள், பிறகு பஸ் ஏற்றிவிடுவதாகச் சொல்லி. நான் ஓடினேன்.

துரைசாணி வெள்ளைக் கவுனில்தான் வந்தாள். மழைக்கோட்டை ஸ்டேஷனிலேயே கழற்றிவிட்டாள். ஹந்தானை ஏறும் ஒவ்வொரு வளைவிலும் அவள் பின்னால் அசைகிற சத்தம் எனக்குக் கேட்டது. பங்களா வாசலில் குடையோடு ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். அவள் இறங்கி நடந்தாள். இன்னொருவர் பெண்சாதியின் பின்பக்கத்தை அவ்வளவு பக்தியோடு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். ஒரு பொட்டுக்கூட இல்லை நானா.

இது வரைக்கும் உங்களுக்குத் தெரியும். நானே மறுவாரம் வந்து சொன்னேன். மிச்சத்தைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை வெயிலில் துரை கார் கதவைத் திறந்து நின்றார். நன்றாகக் காய்ந்த தோலில் லேசான ரோஜா நிறம் தெரிந்தது. பெட்ரோல் தின்ற இடம் மங்கிப்போய் இருந்தது.

"இது என்னா? யார் குந்தினது?"

கொட்டகை வாசலில் அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். சிவப்புச் சீலை அவளுக்குப் பின்னால் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதைத் துரை பார்க்கக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது.

"டவுன் துணிக்கட முதலாளிங்க, துரை. மழையில நின்னாரு. கையில துணிக் கட்டு. வயசான மனுசன்னு ஏத்திக்கிட்டேன். சாயம் எறங்கிருச்சிங்க."

"எந்தக் கட?"

சொன்னேன். உங்கள் கடையின் பெயரைச் சொன்னேன் நானா. இரண்டு மணி நேரத்துக்கு மேல் எனக்காக முட்டி போட்ட மனுசனின் பெயர் ஒரு தடுமாற்றமில்லாமல் என் வாயில் வந்தது. துரை, கண்டவனைக் காரில் ஏற்றாதே என்று நாலு ஏச்சோடு விட்டுவிட்டார். எனக்கு வேலை நிலைத்தது. அறை நிலைத்தது. பிள்ளை அந்த அறையில்தான் பிறந்தது. பெயர் வைத்த அன்று நீங்கள் சட்டைத் துணி கொண்டுவந்தீர்கள், அலசிக் காயவைத்து.

பங்களாவுக்கு வருடா வருடம் திரைத்துணி உங்களிடம் எடுத்துக்கொண்டிருந்த துரைசாணி, அந்தக் கிறிஸ்மஸிலிருந்து வேறு கடைக்குப் போகச் சொன்னாள். நான்தான் ஓட்டிப் போனேன். உங்கள் வாசலைத் தாண்டும்போது நீங்கள் கையை உயர்த்துவீர்கள். நானும் உயர்த்துவேன். அவளைப் பார்த்து மற்றத் தோட்டத்துத் துரைசாணிகளும் உங்கள் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைப்பேன். துரை காதுக்கு எட்டிவிட்டால் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் பயப்படுவேன். பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது. பயத்துக்கு மட்டும் எப்போதும் புதுக் காரணம் கிடைத்தது.

போன வருடம் நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு பார்க்க வந்தேன். தொந்தி வற்றிப் போயிருந்தது. கேலி செய்ய அதுவும் இல்லை. பேச்சோடு பேச்சாக நீங்களே கேட்டீர்கள்.

"ஏன் தம்பி, ஒங்கட துரைசாணிக்கு எங்கட துணி பிடிக்காமப் போச்சி? நான் ஏதும் பிழையாப் பேசிட்டேனா?"

ஆண்டவன் தட்டில் வைத்துக் கொடுத்த நேரம் அது. அறையில் நாம் இரண்டு பேர்தான். வாயைத் திறந்தேன்.

"ஒங்க தாடியப் பாத்துப் பயந்துட்டாங்க நானா" என்றேன்.

நீங்கள் இருமி இருமிச் சிரித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, என் கையைத் தட்டினீர்கள். எட்டு நாளில் உங்களைத் தூக்கிப் போன ஜனாஸாவுக்குப் பின்னால் நடந்தேன்.

நான் இன்னும் எல்லோரையும் கேலி செய்கிறேன் நானா, அது என் பிறவிக் குணம், விடாது. ஆனால் ஆள் சிரிக்கத் தொடங்கியதும் குனிந்து காரைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறேன். சிரிக்கிற முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.