அலறினாய் என்றுதான் பாடினேன்

தெலுங்கு நாட்டில் நாம் வாழ்ந்த லோத்குண்டாவில் இன்று காலை ராணுவ மதிலோரம் யாரோ சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் பால் பாக்கெட்டோடு நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பாழாய்ப்போன நெருப்பு. எங்கே எரிந்தாலும் நீதான் நினைவுக்கு வருகிறாய்.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் நான் பாட, நீ டப்புப் பறை அடிப்பாய். மறுநாளே காக்கியை மாட்டிக்கொண்டு தீயணைப்பு வண்டியில் ஏறிவிடுவாய். "பயமா இல்லையாடா?" என்று ஒருமுறை கேட்டேன். "ஹவ் ரே, பயமாத்தான் இருக்கு. அதுக்காக வண்டிய விட்டு இறங்கிட முடியுமா?" என்றாய். மலைக்காடு பற்றிக்கொண்ட அன்றும் அப்படித்தான் போயிருப்பாய். காற்று திடீரென்று திரும்பி, உன்னையும் கூட இருந்த மூன்று பேரையும் தீ வளைத்துவிட்டது.

உங்கள் நால்வருக்கும் ஒரு பாட்டுக் கட்டினேன். மேடையேற்றும் முன் உன் மனைவிக்குப் பாடிக் காட்டப் போனேன். சாவுப் பாட்டை வீட்டுக்குள் பாடக் கூடாது என்று அவளே என்னைத் தெருமுனைக்கு அழைத்துப்போனாள். ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே பாடினேன். "நெருப்புக்குள்ளே சிரிச்சவனே" என்ற அடி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நக்கோ அண்ணா, வேணாம். அவரு சிரிக்கல. கடைசியா எனக்குத்தான் போன் பண்ணாரு. என் பேரைச் சொல்லி அலறினாரு. சிரிச்சாருன்னு நீங்க பாடினா, நான் காதால கேட்டது என்ன?"

 எவ்வளவு சுலபமாக உன்னைச் சிரிக்க வைத்துவிட்டேன்! அன்றே அடியை மாற்றினேன்: "பொண்டாட்டி பேரைச் சொல்லி, பொசுங்கயிலே கத்துனியே."

நினைவுக் கூட்டத்தன்று, தமிழ்ப் பாட்டின் அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட உங்கள் அதிகாரி, அந்த வரி மட்டும் வேண்டாம், புதிதாகச் சேர்ந்தவர்கள் பயந்துவிடுவார்கள் என்று தெலுங்கில் கெஞ்சினார். நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயந்துகொண்டே வேலைக்குப் போனவனுக்கு அந்தப் பயத்தைக்கூட விட்டுவைக்க மாட்டார்களா? பாடினேன். கைதட்டல் இல்லை. முன்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இப்போதும் சில நாள் உன் மனைவி போன் செய்கிறாள். "அண்ணா, அதைப் பாடுங்க" என்பாள். அவளுக்கு முழுப் பாட்டும் வேண்டாம். அந்த ஒரு அடியைக் கேட்டதும், "ஆமா, அப்படித்தான்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவாள். உன் அலறலை நான் கேட்டதில்லையடா. ஆனால் அவள் ஒருத்தியே அதைச் சுமக்க வேண்டாம் என்று என் தொண்டையிலும் வைத்திருக்கிறேன்.