எல்லாவற்றுக்கும் தூக்கிய கை

செவ்வாய், இரவு.

பிரதேச சபை அதிகாரி இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு வந்திருந்தார். "உங்க வரிப்பணம். எதுக்குச் செலவழிக்கணும்னு நீங்களே சொல்லுங்க," என்றார்.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்து மண்மேடு வெடிப்பு விட்டிருக்கிறது. தடுப்புச் சுவர் கேட்கத்தான் நான் போனேன்.

"சுவருக்குக் கை தூக்குங்க." எல்லோரும் தூக்கினோம்.

"வரவேற்பு வளைவுக்கு?" அதற்கும் தூக்கினோம். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, பேர் கூப்பிட்டதும் தூக்கிப் பழகிய கைகள்.

"எதுவுமே வேணாங்கிறவங்க?"

எல்லாக் கைகளும் மேலேயே நின்றன. என்னுடையதும். யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப நாங்களே பாத்துக்கிறோம்," என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது வீட்டுக்குப் பின்னால் மண் உதிரும் சத்தம் கேட்கிறது. "அம்மா, வெளிய போயிடுவோமா?" என்கிறாள் மகள். பேனா பிடிக்காத கை மெதுவாக மேலே போகிறது.