படத்தின் பின்பக்கம்

பட்டணத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் துணியில் வரைந்து அனுப்பிய படம் நகரிக்கு வந்து சேர்ந்தது. முழுக்கச் சிவப்பு, குறுக்கே கோணலாக ஒரு கறுப்புக் கோடு. இதற்கு என்ன அர்த்தம் என்று தெருவே கூடிவிட்டது. நகரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டத்துக்குப் போகும் உமாபதி, "இதாம்பா எல்லைக் கோடு! மேல ஆந்திரா, கீழ நாம" என்றார். தெலுங்கு வாத்தியார் படத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தம் பக்கத்து நியாயத்தைச் சொன்னார்.

உங்கள் நைனாதான், "துணியத் திருப்பிப் பாக்காம இன்னா பேசிக்கினு இருக்கீங்க?" என்று பின்பக்கத்தைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன் கை வேட்டிம்மா இது."

ஆமாம். நீங்கள் கோபித்துக்கொண்டு பட்டணம் போனீர்களே, அந்த வாரம் நெய்து அனுப்பியது. பாதியில் தறியில் பாவு நூல் அறுந்தது. ஒவ்வோர் இழையாக முடிச்சுப் போட்டேன். அன்றைக்குக் கண்ணீர் மறைத்ததால் முடிச்சு வரிசை கோணலாகிவிட்டது. அந்த முடிச்சுகள் மேலேயே உங்கள் கோடு போகிறது.

தூக்கி எறிந்திருப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். தடவிப் பார்த்திருக்கிறீர்கள். நன்றாக இருங்கள்.

தறியில் இன்னொரு வேட்டி ஓடுகிறது. இதில் படம் போட வேண்டாம். வந்து இடுப்பில் கட்டுங்கள்.

உங்கள் மனைவி