லயத்து மேட்டுக்கு ஒரு சைரன்

நவ. 12, திங்கள்

காலையிலிருந்து தூறல். பசறை பஸ் லேட். கேம்பஸ் புராஜெக்ட் பெட்டிய மடியில வச்சுக்கிட்டே வந்தேன். கண்டக்டர், "என்ன தங்கச்சி, டீவியா?" ஆமா, டீவிதான், போய்யா.

எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, மேல மேட்டுல மழைமானியும் ஈரம் பாக்குற கம்பியும் நட்டாச்சு. மண்ணு சரியுற அளவுக்கு ஊறினா சைரன் அலறும். அலறினா எல்லாரும் ஸ்கூலுக்கு ஓடணும், அது பாறை மேல இருக்கு. வீடு வீடா சொல்லிட்டேன். தலைய ஆட்டுறாங்க.

மேட்டுல வெடிப்பு போன வருசத்தவிட அகலம். அம்மா அதுக்குக் கீழதான் படுக்குறாங்க. தூக்கம் எங்க வரும்?

வாங்கணும்: டேப், பேட்டரி, அம்மாவுக்குத் தைலம்.

நவ. 14, புதன்

விடியக்காலம் கொட்டோ கொட்டுன்னு மழை. சைரன் அடிச்சிருச்சு! குதிச்சேன். வெளிய பாத்தா சனமெல்லாம் கொழுந்துக் கூடையோட கீழ பெரட்டுக்களத்துக்கு, காலையில வேலைக்குப் பேர் குடுக்குற எடத்துக்குப் போகுது. பேக்டரி சங்குன்னு நெனச்சுட்டாங்க. வேலைக்கு நிக்கிற மாதிரி வரிசையா, அந்த மேட்டுக்கு நேர் கீழ! ஐயோ, தொண்ட கிழியக் கத்துனேன். கங்காணி: "ஏம்மா, பெரட்டு நேரத்துல என்ன கூத்து?"

மண்ணு அசையல. என் கெட்டிக்காரத்தனம் ஒண்ணுமில்ல.

கேம்பஸ் புராஜெக்ட் சார் போன்ல. யாழ்ப்பாணத்துக்காரர். "எல்லாச் சனமும் வீட்டை விட்டு வெளிக்கிட்டதோ? அப்ப நல்ல ரிசல்ட்தானே!"

"வெளிக்கிட்டாங்க சார். சாகுற எடத்துக்கு."

போன வச்சுட்டேன். என் மேலயே ஆத்திரம். சங்குச் சத்தத்துலயே பொறந்து வளந்தவ நான், எனக்குத் தோணலையே.

நவ. 15, வியாழன்

பதுளை போய் வேற சைரன். சங்கு மாதிரி இல்லாம விட்டு விட்டுக் கத்துற மாதிரி மாத்தினேன். மத்தியானம் அடிச்சுக் காட்டினேன். அம்மா: "நரி மாதிரி இருக்குடி." இருக்கட்டும்.

நவ. 17, சனி

ஸ்கூல்ல உக்காந்து எழுதுறேன். ராத்திரி பூரா மழை. விடியும்போது சைரன் கத்துச்சு, சனம் ஒழுங்கா இங்க ஏறி வந்துச்சு. அம்மாவும். அழுதுட்டேன்.

அப்புறம் கீழ பேக்டரி சங்கு.

அம்மா எந்திரிச்சாங்க. "இங்க இருந்தா இன்னைக்குப் பேர் போடுவாங்களா? சம்பளம் யாரு குடுப்பா?"

கூடையத் தூக்கிட்டு எறங்கிட்டாங்க. பொம்பளைங்க எல்லாரும் பின்னாலேயே. சைரன் இன்னும் கத்திக்கிட்டுதான் இருக்கு.

மேட்டுல கல்லு உருளுது. நானும் கீழ போறேன்.