இடப்பக்கத்து விளிம்பு

திருவிடந்தை,
மார்ச் 9, ஞாயிறு.

அன்புள்ள பிரிசில்லாவுக்கு,

இங்கே நான், வெங்கடேசன் இருவரும் நலம். எடின்பரோவில் குளிர் விட்டதா? போனில் சொல்ல வாய் வராத விஷயம், அதனால் மெயிலிலேயே கடிதமாக எழுதுகிறேன். ஞாயிறு என்பதால் எங்கள் தெருவெல்லாம் கல்யாண வேண்டுதலுக்கு வந்தவர்களின் கார்கள். வாசலை அடைத்த ஒருவரோடு சண்டை போட வெங்கடேசன் போயிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும்.

நீ கேட்டபடி, பத்து வருடம் முன்பு நாம் சேர்ந்து எழுதிய தேற்றத்தை, சரிபார்க்கச் சொல்லி நவம்பரிலிருந்து வரிவரியாகக் கம்ப்யூட்டருக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பப்பா, என்ன அடம்! நாம் 'இது தெளிவு' என்று எழுதிய இடத்திலெல்லாம், காட்டு பார்க்கலாம் என்று நிற்கிறது. தேற்றத்தைத் தாங்கும் படிகளான லெம்மாக்களில் ஆறை ஒப்புக்கொண்டது. ஏழாவதில் நின்றுவிட்டது.

ஏழாவது நான் எழுதியது. பெண் பார்க்க வருகிறார்கள், நாலு மணிக்குள் திருப்போரூர் வந்து சேர் என்று அம்மா போன் மேல் போன் போட்ட நாள். நாடாவில் கட்டம் கட்டமாக நகரும் நம் காகித எந்திரம் வலப்பக்கம் நகர்ந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கம் எழுதினேன். இடப்பக்கத்துக்கு 'இதே போல' என்று ஒரே வரி போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

இதே போல இல்லையடி. வெங்கடேசனுக்கு இப்படித்தான் விளக்கினேன்: நம் வீட்டிலிருந்து மேற்கே நடந்தால் நடந்துகொண்டே இருக்கலாம், கிழக்கே பத்து நிமிடத்தில் கடல். நம் நாடாவுக்கும் இடப்பக்கம் விளிம்பு உண்டு. விளிம்பில் முட்டி முட்டித் திரும்பும் ஒரு சின்ன எந்திரத்தைக் கட்டினேன். நாலே நிலைகள்தான். அது நிற்கவே நிற்காது, நம் லெம்மாவோ நின்றுவிடும் என்கிறது. ஆறு வாரம் முட்டி மோதிப் பார்த்துவிட்டேன். விளிம்பைத் தொடாத எந்திரங்களுக்கு மட்டுமே நம் தேற்றம் செல்லும்.

உன் வேலையை நிரந்தரமாக்கும் கூட்டம் இருபத்தொன்றாம் தேதி. அவர்கள் முன் நீ வைத்திருப்பதில் பெரியது இந்தத் தேற்றம்தான். இது தெரிந்துதான் எழுதுகிறேன். "பத்து வருசமா எவனும் கண்டுக்கல, இப்போ நீ இன்னாத்துக்கு அந்தப் பொண்ணை பேஜாரு பண்ணிகினு கீற, இருவத்தொண்ணு தாண்டி சொல்லு" என்றார் வெங்கடேசன். இரண்டு நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்த நிமிடம் உன் நினைப்பே எனக்கு வரவில்லை. சந்தோஷப்பட்டேன், பிரிசில்லா. கல்யாணத்துக்குப் பிறகு பாடம் நடத்துவதும் விடைத்தாள் திருத்துவதும் தவிர நானாக எதையும் கண்டுபிடித்ததில்லை. ஸ்டாஃப் ரூமில் எழுந்து நின்றே விட்டேன். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உன் முகம் வந்தது. வெட்கமாக இருக்கிறது.

கூட்டத்துக்கு முன்னால் நீயே அவர்களுக்கு எழுதிவிடு. ஏழாவது லெம்மா கல்யாணி எழுதியது என்று என் பெயரைப் போட்டே எழுது. 'பரவாயில்லடி' என்று மட்டும் எனக்குப் பதில் போடாதே. திட்டு. நான் ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் போனபோதும் நீ திட்டவில்லை.

திருத்திய தேற்றத்தை இணைத்திருக்கிறேன். சின்னதாகிவிட்டது, ஆனால் கம்ப்யூட்டர் ஒரு வரி விடாமல் ஒப்புக்கொண்டது. நீ சொல்லும்வரை வேறு யாருக்கும் அனுப்ப மாட்டேன்.

காலையில் பெருமாளுக்கு உன் பெயரில் மாலை சாத்தி, திரும்ப வாங்கி வந்து வீட்டில் மாட்டியிருக்கிறேன். கல்யாணம் நடந்ததும் மாலையைத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பார்கள். உன் வேலை உறுதியானதும் நான் கொண்டுபோவேன். ஜெபம் பண்ணும் உன் அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

அன்று ஏழாவதைப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, "நீ எழுதினா சரியாத்தான்டி இருக்கும்" என்று படிக்காமலே ஜர்னலுக்கு அனுப்பிவிட்டாய். இந்தத் தடவை படித்துப் பார்.

உன்னிடம் திட்டு வாங்கக் காத்திருக்கும்,
கல்யாணி