மூன்றாம் படியில் தண்ணீர்

3-1-2026, சனி. ஸ்ரீவராகம்
பெட்டி கட்டியாயிற்று. மப்ளர் இரண்டு. நவம்பரில் ஒரு நாள் கேஸ் அடுப்பை அணைக்காமல் கோயிலுக்குப் போய்விட்டேன். அடுத்த வீட்டுப் பொன்னம்மை அதை மால்டாவில் நர்ஸாக இருக்கும் என் மகள் திவ்யாவிடம் சொல்லிவிட்டாள். ஒரு மாதம் என்னைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறாளாம். மறதி என்று பட்டால் முதியோர் இல்லம். இங்கே வட்டியூர்க்காவில் அறைகூட விசாரித்து வைத்திருக்கிறாள். அவள் பயமும் நியாயம்தானே?

6-1, செவ்வாய். புஜிபா, மால்டா
கடலோரச் சுற்றுலா ஊர். இப்போது சீசன் இல்லை. ஓட்டல்கள் ஏப்ரல் வரை பூட்டு. வற்றிய நீச்சல்குளத்துக்குள் ஐந்து பூனைகள் வெயில் காய்கின்றன. ஐஸ்கிரீம் கடை வாசலில் அடுக்கிச் சங்கிலி போட்ட நாற்காலிகள், எழுபத்திரண்டு. அத்தனை பேரும் இப்போது எங்கே உட்கார்ந்திருப்பார்கள்?

பாறையில் வெட்டிய படிகள் கடலுக்குள் இறங்குகின்றன. விழிஞ்ஞம் துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் நீர்மட்டம் குறித்த கை சும்மா இருக்குமா? காலை 9.10 — மேலிருந்து மூன்றாம் படி வரை தண்ணீர். மாலை 3.20 — மூன்றாம் படி.

8-1
மூன்றாம் படி. மூன்றாம் படி. விழிஞ்ஞமாக இருந்தால் காலைக்கும் மாலைக்கும் நடுவில் தண்ணீர் இறங்கி, இன்னும் இரண்டு படியாவது வெளியே தெரிந்திருக்கும்.

9-1
இன்றும் அதே. காலையில் எழுதியதைப் பார்த்தே மாலையிலும் எழுதுகிறேனோ? இல்லை, மாலையில் நான் போகவே இல்லையோ? காலணியைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். போயிருக்கிறேன்.

திவ்யாவிடம் சொல்லவில்லை. சாப்பிடும்போது, "அப்பா, முந்தாநாள் என்ன கூட்டான் வச்சேன்? சொல்லுங்க பாப்பம்" என்றாள்.
"அவியல்."
"சும்மா அடிச்சு விடுதியளா?"
"முருங்கைக்காய் இல்லாத அவியல்."
சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

12-1, திங்கள்
படிக்குப் பக்கத்தில் தினமும் தூண்டில் போடுகிறவர், என் வயதுக்காரர், பெயர் சல்வு. பேசத் தைரியம் இல்லாமலே ஆறு நாள் போயிற்று. இன்று அவராகவே ஆங்கிலத்தில் கேட்டார்: "என்னத்தைத் தொலைத்தீர்? அந்தப் படியையே பார்க்கிறீரே."
"தண்ணீர் எப்போது இறங்கும்?"
"இறங்குவதா? எங்கே போகும்?" கையை விரித்துக் காட்டினார். ஒரு சாண். இந்தக் கடல் ஏறுவதும் இறங்குவதும் அவ்வளவுதானாம்.

முப்பது வருடம் கடலை எழுதியவனுக்கு இது தெரியவில்லை. வெட்கம்தான். ஆனால் இது தெரியாதது. மறந்தது அல்ல.

15-1, வியாழன்
குக்கரில் தைப் பொங்கல். திவ்யாவின் அளவு டேப்பை எடுத்துப் போனேன். மூன்றாம் படியில் தண்ணீரின் ஆழம்: காலை 9.05 — 19 செ.மீ. மாலை 3.15 — 7 செ.மீ.
இறங்குகிறது!

20-1
அளவு எழுதிய தாள்களைத் திவ்யா முன்னால் வைத்தேன். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.
"எல்லாம் மணிப்படி எழுதியிருக்கிய. பின்ன கேஸ மட்டும் எதுக்கு மறந்திய?"
"அது மறந்துதான் போச்சு, மக்களே."
தாள்களை அடுக்கி என் கையில் தந்தாள். பிறகு, "வீட்ல இனி கேஸ் வேண்டாம், கேட்டியளா?"
"செரி."

4-2, புதன்
பொன்னம்மைக்குப் போன் செய்து சொன்னேன்: இண்டக்ஷன் அடுப்பு பார்சலில் வரும், வாங்கி வை. கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடு. வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன், அன்று முதல் அரை லிட்டர் பால் போடச் சொல்.