மிளகு வாங்க வந்த டீச்சர்மார்

எங்கே இருந்தாலும் அக்கா கூப்பிட்டால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிடுகிற என் தங்கம் கௌரிக்கு,

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். நீ பக்கத்தில் இருந்தால் பிடுங்கித் திருத்தியிருப்பாய். இப்போது திருத்த ஆளில்லை. அதனால் மனசில் வருகிறபடியே எழுதுகிறேன். பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். ஊரே படிக்கட்டும்.

அலுவிகாரையில் நம் வீடு அப்படியேதான் இருக்கிறது. இந்த முறை மழை விடாமல் பெய்ததில் மிளகு சரியாகக் காயவில்லை. உன் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொன்றுக்குப் போய்விட்டார்கள். வழியில் கண்டால் இன்னமும் என்னை 'டீச்சரோட அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேட்கச் சுகமாக இருக்கிறது, திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நீ இல்லை.

உன் பள்ளிக்கூடத்துக்கு, விரலால் தொட்டுப் பாடம் நடத்துகிற அந்த ஸ்மார்ட் போர்ட் வந்தது நினைவிருக்கிறதா? தொட்டால் பழுதாகிவிடும் என்று யாரும் கிட்டவே போகவில்லை. வாணி விழாவுக்கு மட்டும் அதன்மேல் கட்டியாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்துப் பூசை செய்தார்கள். அதற்குப் பிறகு எங்கே தொட்டாலும் அது வேறெங்கோ கோடு இழுத்ததாம். "சாமிக்குப் பொட்டு வைக்கலாம்க்கா. இதுக்கு வச்சா, யாரோ வெரல எடுக்காம அழுத்திக்கிட்டே இருக்காங்கன்னு நெனச்சுக்கும்" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். நீதான் துடைத்துச் சரியாக்கினாய்.

அதைப் பார்த்த பிறகுதான் புஷ்பம் டீச்சர் உன்னிடம் வந்தார். வரலாறு படிப்பிக்கிற மூத்த டீச்சர். அவர் பின்னாலேயே கணக்குப் பாடத்து ரஷீத் சேர். "பழக்கித் தா பிள்ள, ஆனா ஸ்கூல்ல வேணாம்" என்றார்களாம். நேற்று வந்த சின்ன டீச்சரிடம் பெரியவர்கள் கைகட்டி நிற்பதைப் பிள்ளைகள் பார்த்தால் மரியாதை போய்விடும் என்று பயம். அதனால் சனிக்கிழமைகளில் ஆளுக்கொரு பையோடு நம் வீட்டுக்கு வந்தார்கள். யாராவது கேட்டால், மிளகு வாங்கப் போகிறோம் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி கூட என்னைக் கேட்டாள்: "உங்க வீட்டு மிளகுல அப்படி என்ன காரம் செல்வி, வாரா வாரம் டீச்சர்மாரு வாறாங்க?"

நம் அலுமாரிக் கதவில் சாக்பீஸால் பெட்டி பெட்டியாக வரைந்து, முதலில் அதில் தொட்டுப் பழகச் சொன்னாய். "சேர், சுண்டு வெரல மடக்குங்க. அதுவும் பட்டா போர்டு கொழம்பிரும்." புஷ்பம் டீச்சர் பதற்றத்தில் ஓங்கிக் குத்த, கதவு திறந்து என் சேலையெல்லாம் சரிந்து விழுந்தது. "மெதுவா டீச்சர், இதுல பாடம் வராது, அக்காவோட சேலதான் வரும்!" அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த தேத்தண்ணி வற்றியே போனது.

அவர்கள் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய். "யாருக்கும் சொல்லிராதக்கா. அவங்க தல குனியக் கூடாது." உன் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு என்னோடு நடந்து வந்த உன்னைப் பெட்டியில் திருப்பிக் கொண்டுவந்தோம். புஷ்பம் டீச்சர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினார். அந்தக் கண்ணீர் பொய் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

போன மாதம், உன் மேசையில் கிடந்த சாமான்களை எடுத்துப்போக வரச் சொன்னார்கள். நான் போன அன்று பள்ளிக்கூடத்தில் கூட்டம். போர்டில் பாடம் நடத்துவதைப் பார்க்கக் கல்விக் கந்தோரிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்திருந்தார்கள். என்னையும் பின் வரிசையில் உட்கார வைத்தார்கள். புஷ்பம் டீச்சர் சுண்டு விரலை மடக்கிக்கொண்டு போர்டைத் தொட்டார். பழைய ராசாக்களின் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நீயே நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

வந்தவர்களில் ஒருவர் கேட்டார்: "அருமை டீச்சர். யார் பழக்கினது?"

நான் கதிரை நுனிக்கே வந்துவிட்டேன். இதோ உன் பேர் வரப்போகிறது. புஷ்பம் டீச்சர் என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"யாரும் பழக்கல சேர். நானாத்தான் தட்டித் தடவிக் கத்துக்கிட்டேன். மத்தவங்களுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

ரஷீத் சேர் குனிந்து தன் காலிலிருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். என் மடியில், உன் மேசையிலிருந்து எடுத்த, நீ தேத்தண்ணி குடிக்கிற கோப்பை இருந்தது. மற்றப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களுக்குப் பழக்கும் பொறுப்பையும் அன்றே அவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

போன சனிக்கிழமை, பழையபடி பையோடு வாசலில் வந்து நின்றார். உன் லெப்டொப் வேண்டுமாம். நீ செய்து வைத்த பாடமெல்லாம் அதில் இருக்கிறதாம்.

"டீச்சர், அன்னைக்கு ஏன் அவ பேர சொல்லல?"

"செல்வி, அவதானே யாருக்கும் தெரிய வேணாம்னு சொன்னா?"

"உங்க மானம் போகக் கூடாதுன்னு சொன்னா. அத வச்சே அவள மறைப்பீங்களா?"

"போய்ச் சேந்த பிள்ளைக்குப் பேர் எதுக்கு? நான்தானே இன்னும் அங்க நிக்கணும்."

"பேர சொல்லுங்க. லெப்டொப்ப நானே தூக்கிட்டு வந்து தாறேன்."

"படிக்காத ஆளுக்கு இதெல்லாம் வெளங்காது." பையை உதறிக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

விளங்காதுதான். நம் வீட்டில் உட்கார்ந்து, உன்னிடம் விரல் பிடித்துப் பழகிவிட்டு, அப்படி ஒருத்தி இருக்கவே இல்லை என்று எப்படிச் சொல்ல வந்தது? உன்மேலும் எனக்குக் கோபம் வருகிறது தங்கம். அவர்கள் தலை குனியக் கூடாது என்று நினைத்தாயே, உன்னைப் பற்றி ஒரு நிமிஷம் நினைத்தாயா? நீ இருந்திருந்தால் இதற்கும் சிரித்துவிட்டுப் போயிருப்பாயா?

நான் சிரிக்க மாட்டேன். உன்னிடம் செய்த சத்தியத்தை இந்தக் கடிதத்தில் உடைக்கிறேன். அவர்களுக்குப் பழக்கியது என் தங்கச்சி கௌரி.

அடுத்த வாரம் புஷ்பம் டீச்சர் தம்புள்ளையில் வகுப்பெடுக்கிறாராம். நான் பஸ் ஏறிப் போவேன். முன் வரிசையில் உட்காருவேன். முடிவில், கேள்வி இருக்கிறதா என்று கேட்பார் அல்லவா? படித்த காலத்தில் ஒரு நாளும் தூக்காத என் கையைத் தூக்குவேன். "ஒங்களுக்கு யாரு டீச்சர் பழக்கினது?" என்று கேட்பேன். அவர் வாயாலேயே உன் பேர் வரும் வரைக்கும் அந்தக் கையை இறக்க மாட்டேன். இது உனக்கு நான் தருகிற புதுச் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி அக்கா